வழி தவறிப் பிடித்த மலை

திண்டிவனத்தில் என்னைக் கர்னல் என்று கூப்பிடுகிறவர்கள் இரண்டு வகை. ராணுவக் கேன்டீனில் மலிவாகக் கிடைக்கும் ரம் வேண்டியவர்கள் ஒரு வகை. என்னை டி.வி.யில் பார்த்தவர்கள் இன்னொரு வகை. எல்லையில் எங்காவது சத்தம் கேட்டால் போதும், சென்னையிலிருந்து ஒரு தொலைக்காட்சிக்காரர் கூப்பிட்டுவிடுவார். என் முகத்துக்குக் கீழே ‘போர் வரலாற்று அறிஞர்’ என்று ஓடும். நான் ஒரு போரையாவது கண்ணால் பார்த்திருக்கிறேனா என்று இதுவரை எவரும் கேட்டதில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லும் பழக்கம் ராணுவத்தில் கிடையாது.

காலாட்படையில் அதிகாரியாகத்தான் சேர்ந்தேன். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிர் வைத்துப் பிழைத்த என் அப்பா, ரயிலடியில் என்னை வழியனுப்பும்போது, “சண்டை கிண்டை வந்தா முன்னால போவாத. யாராவது போவட்டும், நீ பின்னால பார்த்துப் போ” என்று காதோடு சொன்னார். அவர் சொல்லியிருக்கவே வேண்டாம். முதல் தடவை எங்கள் பட்டாலியனை எல்லைக்கு நகர்த்தியபோது எனக்கு மஞ்சள் காமாலை. இரண்டாம் தடவை நான் மத்தியப் பிரதேசத்தில் ஒரு பயிற்சி வகுப்பில் உட்கார்ந்து, எல்லைக்கு எப்படி நகர்வது என்று படித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் தடவை எப்படியும் போய்விடுவது என்று இருந்தேன். கிளம்புவதற்கு முந்தின வாரம் வாலிபால் ஆடும்போது வலைக் கம்பத்தில் மோதி விழுந்து, இடது கால் முழங்காலுக்குக் கீழே இரண்டாக உடைந்தது. பட்டாலியன் போனது. நான், ரிப்பேருக்கு வந்த மண்ணெண்ணெய் அடுப்புகளோடும் வயிற்றுப்போக்குக்காரர்களோடும் பின்னால் நின்றேன்.

ராணுவ மருத்துவமனையில் படுத்திருந்தபோது பொழுது போகாமல் அங்கிருந்த நூலகத்துப் புத்தகங்களை ஒன்றுவிடாமல் வாசித்தேன். பெரும்பாலும் பழைய போர்கள். ஒரு நாள் எங்கள் பட்டாலியனின் கமாண்டிங் ஆபீசர், நாங்கள் சி.ஓ. என்று சொல்வோம், என்னைப் பார்க்க வந்தார். நெடுநெடுவென்ற வடநாட்டுக்காரர். தலையணை அருகே இருந்த புத்தகத்தை எடுத்துப் புரட்டினார்.

“இதையெல்லாம் நீயே படிக்கிறாயா?” என்று கேட்டார். உடைந்த காலைப் பற்றிக்கூட அவர் அவ்வளவு கவலையோடு விசாரிக்கவில்லை.

நடக்கத் தொடங்கியதும் உத்தரவு வந்தது. பட்டாலியனின் வரலாற்றை நான் எழுத வேண்டும்.

எங்களுக்கு வரலாறு என்றால் ஒரு மலை. என் காலத்துக்கு வெகு முன்பு நடந்த ஒரு போரில், வடக்கே பனி மலைகளில் ஒன்றை எங்கள் பட்டாலியன் பிடித்தது. ஆண்டுதோறும் அந்த நாளில் எங்களுக்குப் பெரிய விருந்து. அதிகாரிகள் மெஸ்ஸில் சுவர் அகலத்துக்கு ஓர் ஓவியம் மாட்டியிருந்தது. பின்னால் சூரியன் உதிக்கும், முன்னால் எங்கள் வீரர்கள் துப்பாக்கி முனையில் கத்தி மாட்டிப் பாய்வார்கள், ஓர் இளம் வீரன் கையை உயர்த்தியபடி சாய்வான், எதிரிகள் ஓடுவார்கள். அந்தப் போருக்கு வெள்ளிவிழா வருகிறது, அதற்குள் புத்தகம் வர வேண்டும் என்றார் சி.ஓ.

அந்த மலையில் ஏறியவர்களில் பலர் அப்போது உயிரோடு இருந்தார்கள். அவர்களில் ஒருவர் எங்கள் பக்கத்து ஆள், ஓய்வு பெற்ற ஹவில்தார். பனமலைக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூர். லீவு போட்டுவிட்டு, கைத்தடியை ஊன்றிக்கொண்டு, விழுப்புரத்திலிருந்து டவுன் பஸ் பிடித்துப் போனேன்.

மாதா கோயிலை ஒட்டி அவர் வீடு. ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நெல், மேட்டில் கேப்பை. கட்டையான உருவம், தோள் மட்டும் நிமிர்ந்தே இருக்கும். வலது கால் கொஞ்சம் இழுத்து நடந்தார். தன் காலையும் என் காலையும் மாறி மாறிப் பார்த்தார்.

“எந்த சண்டைல சாப்?” என்று மரியாதையோடு கேட்டார். அதிகாரிகளைச் சாப் என்றுதான் கூப்பிடுவார்கள்.

“வாலிபால்” என்றேன்.

அதற்கப்புறம் அவர் என்னிடம் தயங்காமல் பேசினார். அவர் மனைவி வேகவைத்த மல்லாட்டையைத் தட்டில் கொண்டுவந்து வைத்தார். ஹவில்தார் உரித்துக்கொண்டே சொன்னார்.

“எங்களுக்கு சொன்ன மலை வேற சாப். நாங்க ஏறினது வேற.”

“தெரிஞ்சுதான் ஏறினீங்களா?”

“பொழுது விடிஞ்சப்பறம்தான் தெரிஞ்சுது. பனி மூட்டம். முன்னால போறவன் முதுகே தெரியல. லெப்டினன்ட் சாப் மேப்ப வெச்சிக்கினு, ‘கரெக்டாதான் போறோம், கரெக்டாதான் போறோம்’னு சொல்லிக்கினே வந்தாரு. அப்படி ஒருத்தரு சொல்லிக்கினே வந்தா நமக்கு சந்தேகம் வந்துடுமே.”

“மேல எதிரிங்க எத்தனை பேரு?”

“ஒருத்தனும் இல்ல. பங்கர் இருந்துச்சு. அடுப்புல அனல் இருந்துச்சு. ரொட்டி சுட்டு அடுக்கி வெச்சிருந்தானுங்க. அவனுங்களுக்கும் குளிரு தாங்கல போல, எறங்கிப் போயிருக்கானுங்க. நாங்க உக்காந்து துன்னுட்டோம்.”

“ஒரு குண்டுகூடச் சுடலையா?”

“சுட்டமே. விடிஞ்சப்பறம் பார்த்தா, பக்கத்து மலைல அவனுங்க நிக்கிறானுங்க. நாங்க பிடிக்க வேண்டிய மலை அதுதான். ஆனா எங்க மலை அதவிட ஒசரம். மேல நாங்க நிக்கிறத பார்த்து அவனுங்க பயந்துட்டானுங்க. அவனுங்கள பார்த்து நாங்க பயந்துட்டோம். பயத்துல கொஞ்சம் சுட்டோம். அவனுங்க ஜல்தியா எறங்கிட்டானுங்க.”

அவர் மனைவி வாசலிலிருந்து சொன்னார்: “கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இந்த ரொட்டி கதைய கேட்டுக்கினு இருக்கேன். நான் சுடுற ரொட்டி எதிரி சுட்ட மாதிரி இல்லன்னு வேற சொல்லுவாரு.”

நாங்கள் மூவரும் சிரித்தோம். பிறகு, மெஸ்ஸில் இருக்கும் ஓவியத்தில் சாய்கிற வீரனைப் பற்றிக் கேட்டேன். அந்த மலையில் எங்கள் பட்டாலியன் இழந்தது அந்த ஓர் உயிரைத்தான். ஹவில்தார் கையிலிருந்த மல்லாட்டையை உரிக்காமல் தட்டில் திரும்பப் போட்டார்.

“அவன் என் செக்‌ஷன் ஆளு. நம்ம பாண்டி பக்கம், கடற்கரை ஊரு. மீன் பிடிக்கிற வூட்டுப் பையன். பனிய பார்த்ததே இல்ல. பாதி வழில முடியல, கொஞ்சம் உக்காந்துக்கறேன்னான். பாறை மறைவுல உக்கார வெச்சிட்டு, என் கோட்ட அவன் கோட்டு மேலயே போட்டுட்டுப் போனேன். மேல போயிட்டு ஆள் அனுப்பறேன்னேன். மேல போனா பங்கர், அடுப்பு. ஒரு ஆள கூட்டிக்கினு திரும்ப எறங்கி வந்து பார்த்தா, உக்காந்த மாதிரியே இருக்கான். உயிரு இல்ல.”

கோட்டு இல்லாமல் அத்தனை நேரம் பனியில் ஏறி இறங்கியதில் ஹவில்தாருக்கு வலது கால் விரல்கள் கருகி, இரண்டை எடுத்துவிட்டார்கள். அதைப் பற்றி அவர் அதிகம் சொல்லவில்லை. நான் கேட்டபோது செருப்பைக் கழற்றிக் காட்டிவிட்டு உடனே போட்டுக்கொண்டார்.

இன்னும் சிலரைத் தேடிப் போய்ப் பார்த்தேன். கேரளத்தில் ஒருவர், கோலார் பக்கம் ஒருவர். மூட்டம், தவறான மலை, ரொட்டி எல்லாம் அப்படியே ஒத்துப்போயின. ரொட்டியோடு பருப்பும் இருந்தது என்று கோலார்க்காரர் சத்தியம் செய்தார். எல்லாவற்றையும் கேட்டது கேட்டபடி எழுதி, தட்டச்சு செய்து சி.ஓ.விடம் கொடுத்தேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய முதல் வரலாறு. இப்போது நினைத்தாலும் அது மோசமில்லை.

சி.ஓ. என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார், தேநீர் வரவழைத்தார். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

“அற்புதமாக எழுதியிருக்கிறாய். எனக்கு இதில் ஒரு வரிகூடப் பொய்யாக்க விருப்பமில்லை” என்றார். “சில சொற்களை மட்டும் பார்ப்போம். ‘பனிமூட்டத்தில் வழி தவறி’ என்று எழுதியிருக்கிறாய். ‘பனிமூட்டத்தைத் திரையாகக் கொண்டு’ என்றால் என்ன? மூட்டம் இருந்ததா இல்லையா?”

“இருந்தது சார்.”

“திரை மாதிரி இருந்ததா?”

“இருந்தது.”

“பிறகென்ன? ‘எதிரி அங்கே இல்லை.’ சரி. ஏன் இல்லை? நாம் வருவதற்கு முன்பே போய்விட்டான். அதாவது பின்வாங்கிவிட்டான். ‘எதிரி பின்வாங்கினான்’ என்று போடு. ரொட்டியை எடுத்துவிடு. வெள்ளிவிழாவுக்கு ஜெனரல் வருகிறார், ரொட்டி நன்றாக இருக்காது.”

நான் ரொட்டியை விட்டுக்கொடுத்தேன். ஆனால் அந்தக் கோட்டை மட்டும் விடக் கூடாது என்று பேசிப் பார்த்தேன். அந்த அத்தியாயத்தில் வீரம் என்று சொல்ல ஏதாவது இருந்தால் அது அந்தக் கோட்டுதான்.

“ஒருவன் தன் கோட்டை இன்னொருவனுக்குக் கொடுத்தான் என்றால் என்ன அர்த்தம்?” என்றார் சி.ஓ. “கோட்டு போதவில்லை என்று அர்த்தம். போதிய கோட்டு இல்லாமல் ஆட்களை அனுப்பியது யார் என்று எவனாவது கேட்பான். அப்போது கோட்டு வாங்கும் பொறுப்பில் இருந்தவர் இப்போது எங்கே இருக்கிறார் தெரியுமா? நம் புத்தகத்துக்கு முன்னுரை எழுதப்போகிறார்.”

தட்டச்சுப் பிரதி என் மேஜையை விட்டுப் போனது. திரும்பி வந்தபோது அச்சுப் புத்தகமாக இருந்தது. கெட்டி அட்டை, அட்டையில் அந்த ஓவியம், ஓவியத்துக்குக் கீழே என் பெயர். பாறை மறைவில் உட்கார்ந்தபடி உறைந்துபோனவன், புத்தகத்தில் எதிரியை நேருக்கு நேர் சந்தித்து வீழ்ந்திருந்தான். ஹவில்தார் ‘காலில் காயமுற்றும் களத்தை விட்டு அகலவில்லை’. நான் ஜெனரலோடு நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டேன்.

அந்தப் புத்தகம் என் உத்தியோகத்தை மாற்றிவிட்டது. கால் காரணமாக என்னை எங்கே வைப்பது என்று தெரியாமல் இருந்தவர்கள், தலைநகரில் ராணுவ வரலாறு எழுதும் ஒரு பிரிவுக்கு அனுப்பினார்கள். பிறகு ஓய்வு பெறும் வரை அதுதான் என் வேலை. நாடு முழுக்க உள்ள ரெஜிமென்ட்டுகள் வெள்ளிவிழா, பொன்விழா என்று என்னைக் கூப்பிட்டன. தொழில் சீக்கிரம் கைவந்தது. எந்தப் படையும் ஓடுவதில்லை, நிலைகளை மாற்றி அமைத்துக்கொள்கிறது. எந்த அதிகாரியும் தப்புக் கணக்குப் போடுவதில்லை, சூழ்நிலை அவரை ஏமாற்றிவிடுகிறது. தோற்ற சண்டைகளைப் பற்றி எழுதும்போது வானிலையை விரிவாக எழுத வேண்டும். வெளிநாட்டுக் கருத்தரங்குகளில்கூடக் கட்டுரை வாசித்தேன். போர்க்களத்துக்குப் போகாமலே, போர்க்களங்களைப் பற்றி இந்த அளவு தெரிந்தவர் வேறு யாரும் இல்லை என்று என்னை ஒருவர் அறிமுகப்படுத்தினார். புகழ்ந்துதான் சொன்னார்.

ஓய்வு பெற்றதும் திண்டிவனத்தில் வீடு கட்டிக் குடியேறினோம். என் மனைவி இங்கே பள்ளியில் இயற்பியல் ஆசிரியையாக இருந்தவள். வட இந்தியாவில் நான் இருந்த காலத்தில் பாதி அவள் இங்கே தனியாகத்தான் இருந்தாள். இனி எனக்கு மேலதிகாரி யாரும் இல்லை, உண்மையை மட்டும் வைத்து ஒரு புத்தகம் எழுதப்போகிறேன் என்று அவளிடம் சொன்னேன்.

“அப்ப இத்தினி வருஷம் எத வெச்சி எழுதினீங்க?” என்றாள்.

முதல் அத்தியாயம் அந்த மலைதான் என்று முடிவு செய்தேன். என் மூலப் பிரதி எங்கோ போய்விட்டது. அன்று நான் தேடிப் போய்ப் பார்த்த மற்றவர்கள் காலமாகிவிட்டார்கள், ஹவில்தாரைத்தான் மறுபடி பார்க்க வேண்டும். கால் காரணமாக நீண்ட தூரம் கார் ஓட்ட எனக்கு முடியாது. மனைவிதான் ஓட்டினாள்.

அந்த ஊர் எல்லையிலேயே ஒரு பிளக்ஸ் பேனர் இருந்தது. ‘மலை பிடித்த மாவீரரே, வருக’ என்று போட்டு, ஹவில்தாரின் படம். ஏதோ பள்ளி விழாவுக்கு வைத்தது, எடுக்காமல் விட்டிருந்தார்கள். உள்ளூர் யூடியூப் சானல் ஒன்றில் அவர் பேட்டி வந்திருக்கிறது என்று டீக்கடைக்காரர் போனில் போட்டுக் காட்டினார். பேட்டியில் ஹவில்தார் துப்பாக்கி பிடிப்பதுபோல் கையை வைத்துக்கொண்டு, பனிமூட்டத்தைத் திரையாகக் கொண்டு முன்னேறியதைச் சொல்லிக்கொண்டிருந்தார். சி.ஓ.வின் சொற்கள் விழுப்புரத்துத் தமிழில் நன்றாகவே இருந்தன.

அவர் வயதாகித் தளர்ந்திருந்தார். ஆனால் என்னைக் கண்டதும் எழுந்து விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். உள்ளே சுவரில், மாதா படத்துக்குப் பக்கத்தில், என் புத்தகத்தின் அட்டையைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். அந்த ரொட்டியைப் பற்றி இன்னொரு தடவை விவரமாகச் சொல்லுங்கள் என்றேன்.

“இன்னா ரொட்டி?” என்றார்.

“பங்கர்ல சுட்டு வெச்சிருந்ததே. நீங்க சாப்பிட்டீங்களே.”

“யாரு சாப் சொன்னது?”

“நீங்கதான். இதே இடத்துல உக்காந்து சொன்னீங்க.”

“நானா? அங்க குண்டு பறந்துக்கினு இருந்துச்சி. ரொட்டி துன்னுக்கினா இருப்போம்?”

நான் மெதுவாக, மலை வேறு மலை என்றும், அங்கே யாரும் இல்லை என்றும் அவர் சொன்னதை நினைவுபடுத்தினேன். அவர் முகம் சிவந்தது. சுவரில் மாட்டியிருந்த அட்டையைக் கையால் காட்டினார்.

“அந்த புஸ்தகத்த எழுதினது யாரு?”

“நான்தான்.”

“நீங்க பொய் எழுதுவீங்களா?”

இந்தக் கேள்விக்குக் கருத்தரங்குகளில் பதில் உண்டு. அங்கே இல்லை. அவர் மனைவி எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தார். ஆனால் எதிரி சுட்ட ரொட்டியைப் பற்றி இந்த முறை அவரும் வாய் திறக்கவில்லை. விடைபெற்றுக்கொண்டு வந்துவிட்டோம். என் ஒரே சாட்சி என் புத்தகத்தை வாசித்துவிட்டு எனக்கு எதிராகத் திரும்பிவிட்டார். அதுவும் நான் எழுதாத வரிகளை வாசித்துவிட்டு.

“அவரு பொய் சொல்லல. எதையோ மறைக்கிறாரு” என்றாள் மனைவி, காரை எடுக்கும்போது. “செத்துப்போனாரே அந்தக் கடற்கரை ஊருக்காரரு, அவரு வூட்ல போய்க் கேட்டீங்களா?”

கேட்கவில்லை. எனக்குத் தோன்றவே இல்லை. அந்தக் குடும்பத்தில் யாரும் அந்த மலையில் இல்லையே, அவர்களுக்கு என்ன தெரியும் என்று இருந்துவிட்டேன்.

அடுத்த வாரம் அந்தக் கடற்கரை ஊருக்குப் போனோம். இறந்தவனின் வீட்டுத் தெரு முனையில் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு கல். அவன் பெயர், பிறகு ஒரு வரி: எதிரியை நேருக்கு நேர் சந்தித்து வீரமரணம் எய்தினார். கீழே, பட்டாலியன் வரலாற்று நூலிலிருந்து என்று போட்டிருந்தது. கல்லின் மேல் யாரோ துண்டைக் காயப்போட்டிருந்தார்கள்.

அவனுடைய தம்பி அதே வீட்டில்தான் இருந்தார். எழுபதை நெருங்கியவர், இன்னும் கெட்டியான உடம்பு. கடலுக்குப் போவதை விட்டுவிட்டு, மாடியில் அறைகள் கட்டிப் பாண்டிச்சேரிக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும், “ஏசி ரூமா, சாதா ரூமா?” என்று கேட்டார். நான் யார் என்று சொன்னதும் தோளில் இருந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். உட்கார வைத்துச் சோடா வாங்கிவரச் சொன்னார்.

நான் கேள்வி கேட்க வந்திருந்தேன். அவர்தான் முதலில் கேட்டார்.

“ரொம்ப நாளா ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன் சார். அங்க அவனுக்கு கோட்டு குடுத்தாங்களா?”

“ஏன் கேக்கறீங்க?” என்றேன்.

“கடைசியா லீவுல வந்துட்டுப் போறப்ப, குளிரு தாங்கலம்மான்னு சொல்லிட்டுப் போனான். எங்கம்மா பாண்டி போய் ஒரு கம்பளித் துண்டு வாங்கிக் குடுத்தாங்க. அது பத்திச்சோ பத்தலியோன்னு சாவுற வரைக்கும் பொலம்பிக்கினு இருந்தாங்க. மிலிட்டரிக்காரங்க வந்தாங்க, உங்க புஸ்தகத்த குடுத்தாங்க, சண்டைய பத்தி எல்லாம் சொன்னாங்க. படிச்சிக் காட்டினோம். எங்கம்மா முழுசா கேட்டுட்டு, ‘கோட்டு இருந்துச்சான்னு போட்டிருக்குதா?’ன்னு கேட்டாங்க. போடலியே.”

மனைவி என்னைப் பார்த்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். வழி தவறியது, பாறை மறைவு, ஹவில்தார் தன் கோட்டைக் கழற்றிப் போட்டது, திரும்பி இறங்கி வந்தது. புத்தகத்தில் இருப்பது நடந்ததல்ல என்றும் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

“அப்ப ரெண்டு கோட்டு” என்றார் அவர்.

“ஆமா.”

“ரெண்டு கோட்டு இருந்துருக்குது” என்று உள்ளே பார்த்துச் சொன்னார். உள்ளே இருந்த அவர் மனைவிக்குச் சொன்னாரா, சுவரில் இருந்த அம்மாவின் படத்துக்குச் சொன்னாரா தெரியவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, “கல்ல மாத்தணுமா சார்?” என்று கேட்டார்.

“நீங்க சொன்னா மாத்தலாம்.”

“வேணாம். பஞ்சாயத்துல அலைஞ்சி, ஒரே பேஜாரு, அப்பறம்தான் வெக்க முடிஞ்சுது. இருக்கட்டும். அந்த கோட்டு குடுத்தவரு இருக்காரா?”

அவரை அழைத்துக்கொண்டு நாங்கள் பனமலைப் பக்கம் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவர் ஒரு பெட்டியில் ஐஸ் போட்டு வஞ்சிரம் எடுத்து வந்திருந்தார். கார் முழுக்க மீன் வாசனை. ஹவில்தார் பூசைக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு முகம் இறுகியது. எனக்குப் பின்னால் இறங்கியவரைப் பார்த்ததும் சட்டையைத் திரும்ப மாட்டிக்கொண்டார். இறந்தவனின் முகஜாடை அப்படியே இருந்ததாம், பிறகு சொன்னார்.

“நீங்கதான் எங்கண்ணனுக்கு கோட்டு குடுத்தவரா?” என்று கேட்டார் தம்பி.

ஹவில்தார் என்னைப் பார்த்த பார்வையில் ராணுவ விசாரணையே இருந்தது. அவர் மனைவிதான் மீன் பெட்டியை வாங்கிக்கொண்டே, “சொல்லுங்க. அவங்க வூட்டு ஆளு கேக்குறாங்க இல்ல” என்றார்.

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். நான் சட்டைப்பையில் இருந்த போனை எடுத்துப் பதிவு செய்யப்போனேன். மனைவி என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். விட்டுவிட்டேன்.

“அவன் உக்காந்துக்கறேன்னான்” என்றார் ஹவில்தார். “உக்காருடான்னு சொன்னது நான்தான். பனில உக்காரக் கூடாது, நடந்துக்கினே இருக்கணும்னு எங்களுக்கு சொல்லியிருந்தாங்க. எனக்குத் தெரியும். அவன் மூஞ்சிய பார்த்து பாவமா இருந்துச்சி, உக்காருடான்னுட்டேன். மேல போனதும் உடனே எறங்கி இருக்கணும். அடுப்ப பார்த்ததும் கொஞ்ச நேரம் குளிர் காஞ்சேன். ரொட்டி துன்னேன். அத துன்னுட்டுதான் எறங்கினேன்.”

நான் அப்போதுதான் கவனித்தேன். முதல் தடவை எனக்குச் சொன்னபோது, ரொட்டிக் கதை ஒரு பக்கம் இருந்தது, கோட்டுக் கதை ஒரு பக்கம் இருந்தது. இரண்டையும் அவர் சேர்த்துச் சொல்லவில்லை. நானும் சேர்த்துப் பார்க்கவில்லை. புத்தகம் வந்தபோது அந்த ரொட்டியே இல்லாமல் போனது அவருக்கு எவ்வளவு பெரிய நிம்மதியாக இருந்திருக்கும்! சி.ஓ. ஜெனரலுக்காகச் செய்த காரியம், ஒரு ஹவில்தாரை இத்தனை ஆண்டுகள் தூங்க வைத்திருக்கிறது.

தம்பி கட்டிலில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

“நீங்க சொல்லலன்னாலும் அவன் உக்காந்திருப்பான்” என்றார். “சோம்பேறி அவன். வலை இழுக்கச் சொன்னா கட்டுமரத்துலயே உக்காந்து தூங்குவான். எங்கப்பா துடுப்பாலயே போடுவாரு.”

ஹவில்தாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “பரேடுல நின்னுக்கினே தூங்குவான்” என்றார். “அதுக்கு நான் வாங்கின திட்டு எனக்குத்தான் தெரியும்.”

அவர்கள் இருவரும் அவனைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். பனமலை ஏரிக் காற்றில், மீன் குழம்பு கொதிக்க, மதியம் வரை பேசினார்கள். அந்த ஓவியத்தில் சாய்கிற வீரனுக்கும் இவர்கள் சொன்னவனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இவன் மற்றவர்கள் பங்கு முட்டையைத் திருடித் தின்கிறவன், கடிதம் எழுத வராமல் மற்றவர்கள் கடிதத்தைப் பார்த்தே தன் வீட்டுக்கும் எழுதுகிறவன். ஒரு சொல்லைக்கூட நான் பதிவு செய்யவில்லை.

கிளம்பும்போது ஹவில்தார் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

“சாப், இத எழுதுவீங்களா?”

“நீங்க வேணாம்னா எழுதல.”

யோசித்தார். “எழுதறதுன்னா எழுதிக்கோங்க. ஆனா பேரு, ஊரு, எந்த மலை, எந்த சண்டைன்னு எதுவும் போடாதீங்க. பள்ளிக்கூடத்துல கூப்பிடுறாங்க, புள்ளைங்க கை தட்டுதுங்க.”

சென்னையில் எனக்குத் தெரிந்த ஒரு பதிப்பாளரிடம் கேட்டேன். பெயர் இல்லை, இடம் இல்லை, தேதி இல்லை, என்ன போர் என்றும் இல்லை. இதை வரலாறு என்று எப்படிப் போடுவது, சிறுகதை என்று போடட்டுமா என்று கேட்டார். உண்மையை மட்டும் வைத்து நான் எழுதவிருந்த புத்தகம் முதல் அத்தியாயத்திலேயே நின்றது.

அதன் பிறகு, உயிரோடு இருப்பவர்கள் சம்பந்தப்பட்ட எதையும் தொடுவதில்லை என்று முடிவெடுத்தேன். பக்கத்தில் பெருமுக்கல் மலை இருக்கிறது. மேலே கோயில், சுற்றிலும் இடிந்த கோட்டைச் சுவர். பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் மைசூர்ப் படைகளும் மாறி மாறிக் கண் வைத்த இடம். சம்பந்தப்பட்டவர்கள் எல்லாரும் செத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. யார் வந்து என்ன கேட்கப்போகிறார்கள்? ஒரு சிறு புத்தகம் எழுதினேன். உள்ளே இருந்தவர்கள் ஒரு முறை கோட்டையை விட்டுக்கொடுத்ததற்குத் தண்ணீர் தீர்ந்துபோனதுதான் காரணமாக இருக்கும் என்பது என் ஊகம். ஊகம் என்றே எழுதியிருந்தேன். திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் வெளியிட்டோம்.

கேள்வி நேரத்தில் அந்தப் பக்கத்து விவசாயி ஒருவர் எழுந்தார். வெள்ளை வேட்டி, சட்டைப்பையில் மூன்று பேனா.

“எங்க மலைல தண்ணி இல்லன்னு எழுதியிருக்கீங்களே, அது எப்படிங்க? எங்க மலைய பத்தி இப்படி எழுதலாமா?”

இது அவமானமாகப் படும் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை. முற்றுகை கோடையில் நடந்திருக்கலாம் என்று விளக்கினேன். அவர் ஏற்கவில்லை. மறுவாரம் தானே வீட்டுக்கு வந்து, வாங்க காட்டுறேன் என்று என்னை மலைக்கு அழைத்துப் போனார். என் காலுக்காகப் படிக்குப் படி நின்று நின்று கூட்டிப்போனார். நல்ல மனிதர். ஐப்பசி மாதம், அந்த வாரம் முழுக்க மழை. மேலே பாறைக் குழிகளில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது.

“பார்த்துக்கினீங்களா? இதுக்கு இன்னா சொல்றீங்க?” என்றார். “எப்ப வந்தாலும் இப்படித்தாங்க இருக்கும்.”

“வெயில் காலத்துலயும் இருக்குமா?” என்று கேட்டேன்.

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“வெயில் காலத்துல யாருங்க மலை ஏறுவாங்க?”